பாஞ்சோவைத் தாங்கும் கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியங்களில் வரும் குழந்தைகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அம்மா மடியில் புத்தகம், பக்கத்தில் வெள்ளைக் கவுனில் ஒரு சிறுமி. எல்லாமே வசதியான வீடுகள். ஏழை வீட்டுப் பிள்ளைகள் எதையுமே கற்றுக்கொள்ளவில்லையா? அமெரிக்கக் கறுப்பின ஓவியர் ஹென்றி ஒசாவா டேனர் வரைந்த 'பாஞ்சோ பாடம்' படத்தைத் தோழியிடம் காட்டினேன். கிட்டார் மாதிரியான பாஞ்சோ வாத்தியத்தை ஒரு கிழவர் பையனுக்குச் சொல்லித்தரும் படம். "காலண்டர் படம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதல் குறை என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். தோழி விஷயத்துக்கு வருவோம்.

அடுத்தமுறை படத்தைக் காட்டும்போது முகங்களை விட்டுவிட்டுக் கைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். குடிசைக்குள் ஒரு கறுப்பினக் கிழவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பையன் அவர் கால்களுக்கு நடுவே நிற்கிறான். பாஞ்சோ அவன் உடம்புக்கு ரொம்பப் பெரிது. ஒரு கையால் நரம்பை அழுத்தி, மறு கையால் மீட்டுகிறான். கிழவர் வாசிக்கவில்லை. பாஞ்சோவின் கழுத்தை இடது கையால் தாங்கிப் பிடித்திருக்கிறார், அவ்வளவுதான். சைக்கிள் பழகும்போது பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடி வருவார்களே, அந்தப் பிடி. பாரம் அவருடையது, வாசிப்பு அவனுடையது. இருவருமே நம்மைப் பார்க்கவில்லை.

பாஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாத்தியம். ஆனால் அன்றைய அமெரிக்க மேடைகளில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கையில் பாஞ்சோவோடு கறுப்பர்களைக் கேலி செய்து ஆடினார்கள். 'பாஞ்சோ வாசிக்கும் கறுப்பன்' என்றாலே பல்லைக் காட்டிச் சிரிக்கும் கோமாளிதான் என்று ஆகிவிட்டிருந்தது. டேனர் அதே வாத்தியத்தை எடுத்துக்கொண்டு, அந்தச் சிரிப்பை அடியோடு துடைத்துவிட்டார். காலண்டர்காரர்கள் செய்கிற வேலையா இது?

படம் வரைந்த வருஷத்தையும் கவனியுங்கள். 1893. அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865-ல். அதாவது, படத்திலிருக்கும் நரைத்த தலை தென் மாநிலத்துக்காரர் என்றால், வாழ்க்கையில் பெரும்பகுதியை அடிமையாகக் கழித்திருப்பார். அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருவதையே பல தென் மாநிலங்கள் குற்றமாக்கி வைத்திருந்தன. மடியில் புத்தகத்தை வைத்துச் சொல்லித்தர அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? கையில் இருந்ததைக் கொடுக்கிறார். உங்கள் முதல் கேள்விக்கும் இதுதான் பதில் என்று நினைக்கிறேன்.

டேனர் இப்படி ஒரு குடிசையில் வளர்ந்தவரல்ல. அப்பா பிஷப். ஃபிலடெல்ஃபியாவில் தாமஸ் ஈக்கின்ஸிடம் ஓவியம் படித்து, பாரிஸுக்கும் போனவர். ஆனால் அவருடைய அம்மா அடிமையாகப் பிறந்தவர். அந்தக் கதை வீட்டுக்குள்ளேயே இருந்தது. 'பாஞ்சோ பாடம்' வரைந்த அடுத்த ஆண்டு 'நன்றியுள்ள ஏழைகள்' வரைந்தார். அப்புறம் பைபிள் காட்சிகள் பக்கம் போய்விட்டார். எனக்கு அதில் வருத்தம்தான்.

ஒன்றை மட்டும் தோழிக்கு விட்டுக்கொடுக்கலாம். இடப்பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் நீலம் கலந்த குளிர்ச்சி; வலப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத அடுப்பின் செம்மை. தரையில் கிடக்கும் பாத்திரம்கூட அதில் மினுங்குகிறது. கொஞ்சம் தித்திப்பு தூக்கல்தான். அதற்காகத் தோழிக்கு அரை மார்க் போடுங்கள்.