திரும்பி வந்த நாற்பது கவிதைகள்

அன்புள்ள ஐயா,

என் அண்ணன் பாளையங்கோட்டை மத்திய சிறையில் ஆயுள் கைதி. ஆறு வருடமாகக் கவிதை எழுதுகிறான். நாற்பது கவிதைகளைத் தட்டச்சு செய்து ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். நான்கு மாதம் கழித்து ‘பிரசுரிக்க இயலவில்லை’ என்று ஒரே வரி வந்தது. மனு பார்க்க, அதாவது சிறையில் அவனை நேரில் சந்திக்க, போனபோது சொன்னேன். “கைதி எழுதினது யாருக்கு வேணும்?” என்றான். அதோடு எழுதுவதையே விட்டுவிட்டான். இனி மறுப்பு வந்தால் அவனிடம் மறைத்துவிடலாமா?

ம., தென்காசி

*

அன்புள்ள ம.,

மறைக்காதீர்கள். உள்ளே இருப்பவருக்கு வெளியுலகம் நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. ஒருமுறை மறைத்தது தெரிந்தால், பிறகு நல்ல சேதி கொண்டுபோனாலும் நம்பமாட்டார்.

அந்த ஒற்றை வரியில் காரணம் எதுவும் இல்லை. ‘கைதி’ என்ற காரணம் அண்ணன் சேர்த்துக்கொண்டது. வெளியே இருப்பவன் கவிதை திரும்பினால் டீக்கடைக்குப் போய் நண்பனிடம் புலம்புவான். லாக்கப் பூட்டிய பிறகு அந்த வரியோடு தனியாகப் படுத்திருப்பவருக்கு அது வளர்ந்துகொண்டே போகும்.

என் கணிப்பில் பிழை எண்ணிக்கையில் இருக்கிறது. நாற்பது கவிதைகளை எந்த ஆசிரியரும் முழுக்கப் படிப்பது அரிது. முதல் மூன்று பிடிக்கவில்லையென்றால் நல்லது பதினெட்டாவதாக இருந்து பயனில்லை. ஐந்தைந்தாகப் பிரியுங்கள், எட்டுக் கட்டு வரும். ஒரு கட்டு ஒரே இதழுக்கு. அடுத்த வாரமே அடுத்த கட்டு வேறு இதழுக்கு. அனுப்பிய தேதியை ஒரு நோட்டில் குறியுங்கள். மூன்று மாதம் பதில் இல்லையென்றால் ஒருமுறை கேட்டுவிட்டு வேறு இதழுக்கு அனுப்புங்கள். இப்படிச் செய்தால் ஒரு மறுப்பு வரும்போது ஏழு கட்டு இன்னும் வெளியே இருக்கும். மனுவில் மறுப்பைச் சொல்லும் அதே மூச்சில் அதையும் சொல்லலாம்.

படியெடுப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரே நோட்டில் இருப்பது சோதனையிலோ பிளாக் மாற்றத்திலோ போனால் போனதுதான். ஒவ்வொன்றையும் இரண்டு முறை எழுதச் சொல்லுங்கள், ஒன்று அவரிடம், ஒன்று தபாலில். தாளின் ஒரு பக்கம் மட்டும். மெல்லிய தாளில் மை பின்பக்கம் ஊறி எழுத்து தப்பாகத் தெரியும். அடி முடியும் இடத்தில் சாய்கோடு போடச் சொல்லுங்கள். தாளின் அகலம் போதாமல் மடங்கிய வரியையும் கவிதையின் அடியையும் தட்டச்சு செய்பவரால் பிரித்தறிய முடியாது. அச்செடுத்து அவருக்கு அனுப்பி, திருத்தம் வந்த பிறகே இதழுக்கு அனுப்புங்கள். போகவரத் தாமதமாகும், ஆகட்டும்.

அவர் அனுப்புவதை அதிகாரிகள் படித்த பிறகே வெளியே விடுவார்கள். வழக்கில் தொடர்புடையவர்களின் பெயர் வேண்டாம். மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் வழக்கறிஞரிடமும் காட்டுங்கள். இதழுக்கு எழுதும் கடிதத்தில் சிறையைச் சொல்ல வேண்டியதில்லை. இரக்கத்தில் அச்சாவதும் அவருக்குக் கெடுதலே.

துருக்கி எழுத்தாளர் ஓர்ஹான் கெமாலை அவருக்குச் சொல்லுங்கள். ஐந்தாண்டு தண்டனை பெற்றவர், கவிதைகள் ஏற்கெனவே அச்சில் வந்திருந்தன. 1940-இல் கெமால் இருந்த புர்சா சிறைக்கு நாசிம் ஹிக்மத் மாற்றப்பட்டார். அந்தப் பெரிய கவிஞரிடம் தன் கவிதையை வாசித்தபோது, முடிக்கும் முன்பே நாசிம் போதுமென்று நிறுத்திவிட்டார். அடுத்ததற்கும் அதே கதி. உணராததை ஏன் எழுதுகிறாய் என்பதே அவர் கேள்வி. அதே சிறையில், தினமும் முகம் பார்க்க வேண்டிய ஒருவரிடமிருந்து வந்த மறுப்பு அது! பிறகு கெமால் எழுதிவைத்திருந்த உரைநடையைப் பார்த்த நாசிம், இதை எழுது என்றார். 1943-இல் விடுதலையான கெமாலின் முதல் நாவல் 1949-இல் வந்தது. துருக்கியின் முக்கியமான நாவலாசிரியர்களில் ஒருவர் அவர்.

அந்த மறுப்பில் காரணம் இருந்தது, அதனால் பயன்பட்டது. உங்களுக்கு வந்த வரியில் அது இல்லை. காரணத்தை நீங்கள்தான் தர வேண்டும். எல்லாம் நன்றாயிருக்கிறது என்று சொல்லாமல், ஒரு கவிதையில் எந்த அடியில் உங்களுக்குக் கவனம் சிதறியது என்று சொல்லுங்கள்.

முதல் ஐந்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும். அதற்கு அந்த நோட்டைத் திறந்தாக வேண்டும். அடுத்த மனுவில் ஐந்து கவிதைகளின் எண்களை மட்டும் கேட்டு வாருங்கள்.