வாசகர் கேள்வி – பதில்: பிள்ளைகளின் உதைபந்தாட்டம் கோடைக்கு மாற வேண்டுமா?

இங்கிலாந்தில் பிள்ளைகளின் உதைபந்தாட்ட லீக்குகள் செப்டெம்பரில் தொடங்கி ஏப்ரல் இறுதியிலோ மே மாதத் தொடக்கத்திலோ முடிகின்றன. இந்தப் பருவத்தை மார்ச் முதல் ஒக்டோபர் வரை என்று மாற்றலாமா என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஏழுக்கு, நெடுங்காலமாகச் சிறுவர் அணிகளுக்குத் தன்னார்வப் பயிற்றுநராக இருந்துவரும் எமது பத்தியாளர் இங்கே பதில் தருகிறார்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. இந்த ஜனவரியில் நான்கு ஞாயிறுகளில் மூன்றில் ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அவன் காலையில் எழுந்து காலுறையும் சப்பாத்தும் போட்டு வாசலில் நிற்கும்போதுதான் மைதானத்தில் தண்ணீர் நிற்கிறது என்ற செய்தி வருகிறது. இப்போது பயிற்சிக்கே போக மறுக்கிறான். குளிர்காலத்தில்தான் விளையாட வேண்டும் என்று யார் விதித்தார்கள்? – ஒரு தாய், ஹாரோ

பதில்: பிள்ளைகளை மனத்தில் வைத்து எவரும் அப்படி விதிக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கோடை துடுப்பாட்டத்துக்கு உரியதாக இருந்தது. துடுப்பாட்டக்காரர்கள் குளிர்காலத்தில் கலைந்துபோகாமல் இருப்பதற்காக உதைபந்தாட்டத்தைக் கையில் எடுத்தார்கள். ஷெஃபீல்டில் வெட்னஸ்டே துடுப்பாட்டக் கழகத்தினர் 1867இல் உதைபந்தாட்டக் கழகம் ஒன்றைத் தொடங்கியது இதற்காகவே. 1882இல் டொட்டன்ஹாமில் ஹொட்ஸ்பர் துடுப்பாட்டக் கழகத்துப் பையன்கள் செய்ததும் இதுவே. டார்பி கவுண்டி கழகம் 1884இல் பிறந்ததும் ஒரு துடுப்பாட்டக் கழகத்தின் கிளையாகத்தான். 1888இல் லீக் முறை வந்தபோது அந்த நாட்காட்டி உறுதிப்பட்டது. வளர்ந்த ஆண்கள் தமக்கென்று அமைத்துக்கொண்ட அதே நாட்காட்டியைத்தான் பிற்காலத்தில் பிள்ளைகளின் லீக்குகளும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டன.

அதன் விலையைப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள். ஜனவரியில் கோல் கம்பங்களுக்கு முன்னால் உள்ள நிலத்தைக் கிட்ட நின்று பாருங்கள். புல் முற்றாக அழிந்து, சப்பாத்தின் ஆணிகள் குத்திய குழிகளில் நீர் தேங்கி, பந்து அங்கு வந்ததும் உருளாமல் அப்படியே நின்றுவிடும். உடல் வலுவுள்ள பிள்ளை அதை ஓங்கி உதைத்து வெளியேற்றிவிடுவான். பந்தை நிறுத்தி, திருப்பி, பக்கத்தில் நிற்கும் தோழனுக்குத் தள்ளக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கோ, வாரம் முழுவதும் பழகிய வித்தை அந்தச் சேற்றில் பயன்படாமல் போகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு வேண்டியது பந்தோடு அடிக்கடி தொடர்பு; நாம் கொடுப்பதோ பந்து உருளாத நிலமும் ஒத்திவைப்புச் செய்தியும்.

பெரியவர்களின் ஆட்டமும் குளிருக்குத் தப்பியதில்லை. 1962–63ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் எஃப்.ஏ. கிண்ணத்தின் மூன்றாம் சுற்று முடிய 66 நாட்கள் பிடித்தன. ஆனால் சம்பளம் பெறும் வீரன் இரண்டு மாதம் காத்திருந்தாலும் மறுபடி மைதானத்துக்கு வருவான், எட்டு வயதுப் பிள்ளை வேறொன்றில் மனத்தை வைத்துவிடுவான். உங்கள் மகன் போக மறுப்பது சோம்பலால் அல்ல, அம்மா. மூன்று முறை வாசல்வரை வந்து ஏமாந்த பிள்ளை அவன்.

கேள்வி: குளிருக்கும் சேற்றுக்கும் அஞ்சி ஒதுங்கினால் பிள்ளைகளுக்கு உரம் எப்படி வரும்? நாமெல்லாம் எந்தக் காலநிலையிலும் விளையாடி வளர்ந்தவர்கள்தானே? – ஒரு தந்தை, குரொய்டன்

பதில்: பிள்ளைகள் உரத்தோடு வளர வேண்டும் என்ற உங்கள் அக்கறையை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் குளிர் எல்லோரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. உடல் எடையோடு ஒப்பிடும்போது சிறு பிள்ளையின் தோற்பரப்பு பெரியது. அதனால் உடற்சூடு பெரியவர்களைவிட விரைவாக வெளியேறிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளை தாக்குப்பிடிப்பான். எல்லைக்கோட்டருகே தன் முறைக்காகக் காத்துநிற்கும் பிள்ளைதான் வாடிப்போகிறான். சட்டைக் கைகளை விரல்கள் மறையும்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, தோள்களைக் குறுக்கி, ஈரக் காலுறையோடு பதினைந்து நிமிடம் நின்றவனை உள்ளே அனுப்பினால் முதல் பந்தை அவனால் நிறுத்தக்கூட முடியாது. விரல்கள் விறைத்துப் போனதால் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்தாலும் தானே கட்ட முடியாது. எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் குனிந்து அந்தக் கயிற்றைக் கட்டியிருக்கிறேன். அந்தக் கால் மணி நேரத்தில் எந்தப் பிள்ளையும் உரம் பெற்றதாக நான் காணவில்லை.

குளிருக்குப் பழகிய நாடுகள் என்ன செய்கின்றன என்பதையும் எண்ணிப் பாருங்கள். நோர்வேயிலும் சுவீடனிலும் உதைபந்தாட்டப் பருவம் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிகிறது. சுவீடனின் முதல்தர லீக், 1957–58ஆம் ஆண்டுகளில் ஒரே பருவத்தை நீட்டி நடத்தி, அதன்பின் வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரையான முறைக்கு மாறியது. கோத்தன்பர்க்கில் 1975 முதல் நடந்துவரும் கொத்தியா கிண்ணமும், ஒஸ்லோவில் 1972இல் தொடங்கிய நோர்வே கிண்ணமும் உலகின் மிகப் பெரிய இளையோர் போட்டிகளுள் அடங்குபவை. இரண்டும் கோடைப் போட்டிகள். அந்த நாடுகளின் பிள்ளைகளுக்கு உரம் குறைவு என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

கேள்வி: நான் ஒரு சிறு கழகத்தின் மைதானப் பொறுப்பாளர். கோடையில்தான் புல்தரையைச் செப்பனிடுகிறோம். அதே நிலத்தில் துடுப்பாட்டமும் நடக்கிறது. பிள்ளைகளையும் அங்கே விட்டால் நிலம் எப்போது இளைப்பாறும்? – ஒரு வாசகர், லெஸ்டர்

பதில்: வந்த கேள்விகளுள் மிகக் கடினமானது இதுதான். கோடையை ஆதரித்துப் பேசுவோர் பலர் இதைத் தொடாமலே கடந்துவிடுகிறார்கள்.

நீங்கள் அறிந்ததை மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மண்ணின் வெப்பம் ஐந்தாறு பாகைக்குக் கீழே இறங்கினால் மைதானப் புல் ஏறத்தாழ வளர்வதை நிறுத்திவிடும். ஆகவே டிசெம்பரில் கிழிந்த புல் மார்ச் வரை கிழிந்தபடியே கிடக்கும். அடுத்தடுத்த ஆட்டங்கள் அந்தக் காயத்தை அகலமாக்கும். மே மாதத்தில் கிழிந்த புல்லோ, நீர் கிடைத்தால் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். இதன்படி பார்த்தால் கோடை ஆட்டம் நிலத்துக்கு நல்லது. ஆனால் மழையற்ற ஜூனில் களிமண் நிலம் கல்லாக இறுகி வெடிக்கும் என்பதும், பருவம் முடிந்தவுடன் மணல் பரப்பி விதை தூவும் வாரங்களை நீங்கள் இழப்பீர்கள் என்பதும் உண்மையே. பெரியவர்கள் குளிர்காலத்திலும் பிள்ளைகள் கோடையிலும் ஒரே நிலத்தை மிதித்தால் அதற்கு ஓய்வே இராது.

என் பரிந்துரை இதுதான். ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள் அணிக்கு ஐவர் என்ற அளவிலோ அதைவிடச் சிறிய அளவிலோ ஆடுபவர்கள். அவர்களுக்கு முழு மைதானம் தேவையில்லை. பெரிய மைதானத்தின் கோல் முகப்புகளைக் கயிறு கட்டி மூடி விதை தூவிவிட்டு, ஓரங்களில் மிதிபடாமல் கிடக்கும் புல்லில் சிறு ஆடுகளங்களைக் கோடிடலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவற்றை நகர்த்தவும் முடியும். துடுப்பாட்டத்துடன் மோதாமலிருக்க, ஞாயிறு பிற்பகலைத் துடுப்பாட்டக்காரர்களுக்கே விட்டுவிட்டு, பிள்ளைகள் காலையிலோ வாரநாள் மாலையிலோ ஆடலாம். லண்டனில் ஜூன் மாதச் சூரியன் இரவு 9.20 அளவில் மறைகிறது. டிசெம்பரில் நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடுகிறது. பாடசாலை விட்டு வந்த பிள்ளை மின்விளக்குள்ள, வாடகைக்கு எடுத்த செயற்கைத் தரையைத் தேடி ஓடாமல், வீட்டுக்கு அருகிலுள்ள புல்வெளியிலேயே ஆடலாம் என்பது ஏழைக் கழகங்களுக்குப் பெரிய விடுதலை. இருந்தும், இரண்டு ஆட்டங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு சிறு நிலம் மட்டுமே உள்ள கழகத்துக்கு இந்த மாற்றம் பொருந்தாது. அத்தகைய கழகத்தை வற்புறுத்தக் கூடாது.

கேள்வி: கோடை விடுமுறையில் பாதிக் குடும்பங்கள் ஊரில் இருப்பதில்லை. ஆளில்லாமல் அணி எப்படி ஆடும்? – ஒரு தாய், மில்ட்டன் கீன்ஸ்

பதில்: விடுமுறையில் ஆடக் கூடாது. பாடசாலை மூடும் ஜூலைக் கடைசியிலிருந்து செப்டெம்பர்த் தொடக்கம் வரை லீக்கும் மூடியிருக்க வேண்டும். மைதானத்துக்கு விதை தூவும் வாய்ப்பும் அப்போது கிடைக்கும். மார்ச் தொடக்கம் முதல் ஜூலை நடுப்பகுதி வரை ஏறத்தாழ இருபது வார இறுதிகள் உள்ளன. ஈஸ்டர் விடுமுறையையும் மே மாத விடுமுறைகளையும் கழித்தால் பதினைந்தாவது மிஞ்சும். செப்டெம்பர், ஒக்டோபரில் மேலும் ஏழெட்டு. பத்து அணிகள் ஒன்றோடொன்று இருமுறை ஆட ஓர் அணிக்குப் பதினெட்டு ஆட்டங்களே தேவை. கணக்கு இடிக்கவில்லை.

இடிப்பது வேறொரு இடம். மே, ஜூன் மாதங்களில் கழகங்கள் நடத்தும் ஒருநாள் சுற்றுப்போட்டிகள் பல கழகங்களின் முதன்மை வருமானம். பருவத்தை மாற்றும் லீக், அந்தச் சுற்றுப்போட்டிகளுக்கென்று மூன்று நான்கு வார இறுதிகளை முன்கூட்டியே ஒதுக்கித் தர வேண்டும். இதை விதியாக எழுதாமல் வாக்கெடுப்புக்குப் போனால், சிறு கழகங்கள் எதிர்த்து வாக்களிப்பது நியாயமே.

கேள்வி: என் மகன் ஓகஸ்ட் இறுதியில் பிறந்தவன், அணியில் எப்போதும் அவனே சிறியவன். பருவம் மாறினால் வயதுப் பிரிவும் மாறுமா? பதினைந்து வயதுள்ள என் மகளும் கோடையில்தான் ஆட வேண்டியிருக்குமா? – ஒரு தந்தை, கொவென்ட்ரி

பதில்: இங்கிலாந்தில் வயதுப் பிரிவு செப்டெம்பர் 1இலிருந்து கணக்கிடப்படுகிறது. அதனால் செப்டெம்பரில் பிறந்த பிள்ளை தன் அணியிலுள்ள ஓகஸ்ட் பிள்ளையைவிட ஏறத்தாழ ஓராண்டு மூத்தவனாக இருக்கிறான். பெரிய கழகங்களின் பயிற்சிக் கூடங்களில் இலையுதிர்காலத்தில் பிறந்தோர் மிகுந்திருப்பது நெடுநாளாக அறியப்பட்ட குறை. ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் கணக்கு ஜனவரி 1இல் தொடங்குகிறது. அதைப் பின்பற்றினால் உங்கள் மகன் அணியின் நடுப்பகுதிக்கு வருவான், டிசெம்பரில் பிறந்த இன்னொருவரின் மகன் கடைசி இடத்துக்குப் போவான். சுமை தோள் மாறுமே தவிர இறங்காது. அதோடு, செப்டெம்பர் முதல் டிசெம்பர் வரை பிறந்தவர்கள் தம் வகுப்புத் தோழர்களைப் பிரிந்து மேல்வகுப்புப் பிள்ளைகளுடன் ஆட நேரும். சிறு பிள்ளைகள் பந்துக்காக வருவதைவிடத் தோழர்களுக்காக வருவதே அதிகம் என்பதால், பாடசாலை வகுப்பை ஒட்டிய பிரிவையே வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

உங்கள் மகளைப் பொறுத்தவரை, மாற்றத்தை அவள் வயதுக்குக் கொண்டுவரவே கூடாது. பதினைந்து, பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சைகள் மே, ஜூனில் நடக்கின்றன. அந்த வாரங்களில் ஆட்டத்தையும் படிப்பையும் மோத விடுவது கொடுமை. இளம் நடுவர்கள் பலரும் அதே வயதினர். என் கருத்தில், பதினொரு வயதுக்குட்பட்டோர் வரை கோடைக்கு மாறட்டும். அதற்கு மேல் குளிர்காலப் பருவமே நீடிக்கட்டும்.

கேள்வி: பூமி சூடாகிக்கொண்டிருக்கும்போது பிள்ளைகளை வெயிலில் ஆடச் சொல்வது பொறுப்பா? வேறெங்காவது இப்படி மாற்றிப் பார்த்திருக்கிறார்களா? – ஒரு வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: மாற்றியவர்களும் உண்டு, திரும்பியவர்களும் உண்டு. இங்கிலாந்தின் ரக்பி லீக் 1996இல் கோடைக்கு மாறியது. அயர்லாந்தின் முதல்தர உதைபந்தாட்ட லீக் 2003இல் மாறியது. இரண்டும் இன்றுவரை கோடையிலேயே நிற்கின்றன. 2011 ஏப்ரலில் கோடை லீக்காகத் தொடங்கிய இங்கிலாந்தின் பெண்கள் சுப்பர் லீக், 2017இல் குளிர்காலத்துக்குத் திரும்பியது. கோடையில் ஆடிவந்த ஜப்பானின் ஜே. லீக் 2026இல் ஓகஸ்ட்–மே முறைக்குச் செல்ல முடிவெடுத்ததற்குக் கோடை வெப்பமும் ஒரு காரணம்.

உங்கள் அச்சத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2022 ஜூலை 19ஆம் திகதி லிங்கன்ஷயரின் கொனிங்ஸ்பியில் 40.3 பாகை பதிவானது. ஜூலை நடுவிலிருந்து ஓகஸ்ட் வரை ஆட்டமே இல்லாத பருவத்தை நான் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். மீதியுள்ள மாதங்களில் காலை பத்து மணிக்கு முன் ஆட்டத்தைத் தொடங்குவதும், ஒவ்வொரு பாதியிலும் நீர் அருந்த நிறுத்துவதும், நிழல் இல்லாத மைதானத்தில் கூடாரம் ஒன்றை அமைப்பதும், வெப்ப எச்சரிக்கை வந்தால் ஒத்திவைக்கும் அதிகாரத்தைக் கழகத்துக்கே கொடுப்பதும் விதியாக வேண்டும். மகரந்த ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு ஜூன் கடினமான மாதம். பெற்றோர் அதைப் பயிற்றுநரிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது.

கேள்வி: எனக்குப் பத்து வயது. குளிராக இருந்தாலும் எனக்கு விளையாடப் பிடிக்கும். லீக்கை மாற்றினால் டிசெம்பரில் நான் என்ன செய்வது? – ஒரு சிறுமி, ஸ்லவ்

பதில்: உன் கேள்விக்காகவே இந்தப் பத்தியை எழுத விரும்பினேன், பிள்ளை. நவம்பர் முதல் பெப்ரவரி வரை நீ உள்ளரங்கில் ஃபுட்சால் என்ற சிறு உதைபந்தாட்டத்தை விளையாடலாம். 1930இல் மொண்டேவிடியோவில் ஓர் ஆசிரியர் தொடங்கிவைத்த ஆட்டம் அது. பந்து சிறியது, அதிகம் துள்ளாது; அதனால் அது எப்போதும் உன் காலருகே இருக்கும். உள்ளங்காலால் அதை உருட்டி நிறுத்தவும் நெருக்கத்தில் திரும்பவும் நீ அங்கே கற்றுக்கொள்வாய். உன் பாடசாலை மண்டபம் மாலையில் திறந்திருக்குமா என்று உன் பயிற்றுநரிடம் கேட்டுப் பார். குளிரில் வெளியே ஓட வேண்டும் என்று இருந்தால் தோழிகளுடன் தாராளமாக ஓடு. கையுறையை மட்டும் மறந்துவிடாதே. மார்ச் மாதத்து முதல் ஞாயிறில் புல் முளைத்திருக்கும், வெளிச்சமும் இருக்கும், பந்தும் நீ தள்ளிய பக்கம் உருளும்.