கிட் லென்ஸ் மட்டும் வெச்சுக்கிட்டு வீட்டுலயே என்னென்ன போட்டோ சோதனை பண்ணிப் பாக்கலாம்?

கையில கேமராவோட வந்த 18-55 மிமீ கிட் லென்ஸ் மட்டும்தான் இருக்கு, இப்போதைக்கு வேற லென்ஸ் வாங்க வழியில்ல, அதை வெச்சே வித்தியாசமா ஏதாவது பண்ண முடியுமான்னு கேட்டிருக்கீங்க. தாராளமா முடியும். மொதல்ல அந்த லென்ஸைக் கழட்டி தலைகீழா மாட்டுங்க. கிண்டல் பண்ணல, நெஜமாத்தான் சொல்றேன்.

நான் தொழில்முறை போட்டோகிராபர் எல்லாம் இல்லீங்க, கோயம்புத்தூர்ல ஆபீஸ் வேலை, மிச்ச நேரத்துல மொட்டை மாடியிலயும் வீட்டுப் பின்னாடி செடிகள்லயும் படம் எடுக்கிற ஆளு. கேமரா பழைய கேனன் கிராப் பாடி (சென்சார் கொஞ்சம் சின்னதா இருக்கிற வகை), அதோட வந்த 18-55, அப்புறம் வாங்குன ஒரு 50 மிமீ f/1.8, சொத்து அவ்வளவுதான். ஆனா இதுல கிட் லென்ஸைத் திருப்பிப் போட்டு எடுத்த அளவுக்கு வேற எதுலயும் நான் கத்துக்கல.

விஷயம் என்னன்னா, லென்ஸ் சாதாரணமா என்ன பண்ணுது, வெளிய இருக்கிற பெரிய காட்சியைச் சுருக்கி கட்டைவிரல் நகம் சைஸ் சென்சார்ல கொண்டு வந்து விழ வைக்குது. அதையே திருப்பிட்டா சின்னது பெருசாயிடும். இதுல ஜூம் உல்டாவா வேலை செய்யும், 55ல வெச்சா கொஞ்சமாத்தான் பெருசாகும், 18க்கு கொண்டு வந்தீங்கன்னா படத்தோட மொத்த அகலமே ஒரு சென்டிமீட்டருக்கும் கம்மி, ஒரு அரிசி மணி குறுக்க படுத்தா பிரேம் கிட்டத்தட்ட நெறஞ்சிடும். சின்னதைப் பெருசா எடுக்கிறதுக்குன்னே பல ஆயிரம் குடுத்து வாங்குற மேக்ரோ லென்ஸ் பெரும்பாலும் 1:1 வரைக்கும், அதாவது சென்சார்ல நெஜ அளவுக்கே விழுற வரைக்கும்தான் போகும், இது அதையும் தாண்டிப் போகுது. இதுக்கு ஆகுற செலவு ரிவர்ஸ் ரிங்னு விக்கிற ஒரு வளையம், அது ஒருபக்கம் லென்ஸோட முன்பக்கம் பில்டர் மாட்டுற மரையில ஏறும், இன்னொரு பக்கம் கேமரா மவுண்ட்ல, அதாவது லென்ஸ் மாட்டுற வாயில மாட்டும். சில நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும்.

இனி சிக்கல் எங்கன்னா அப்பெர்ச்சர்ல, அதாவது லென்ஸுக்குள்ள வெளிச்சம் வர்ற ஓட்டையில (f நம்பர் ஏற ஏற ஓட்டை சின்னதாகும்). திருப்பிப் போட்டதும் கேமராவுக்கும் லென்ஸுக்கும் பேச்சுவார்த்தை முடிஞ்சு போச்சு, ஆட்டோபோக்கஸ் கிடையாது, அப்பெர்ச்சரை மாத்தவும் முடியாது. கேனன் லென்ஸ் கழட்டும்போது முழுசா தொறந்தே நிக்கும், அப்படியே எடுத்தா பூச்சியோட மீசை நுனி மட்டும் தெளிவா வரும், மிச்சமெல்லாம் புகை மாதிரி போயிடும். அதுக்கு ஒரு தந்திரம் இருக்கு, லென்ஸை நேரா மாட்டி f/8 இல்லன்னா f/11 வெச்சு, டெப்த் ஆப் பீல்ட் பிரிவ்யூ பட்டனை (படம் எடுக்காமலே அப்பெர்ச்சரை மூடிக் காட்டுறது) அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே, கேமராவை ஆஃப் பண்ணாம லென்ஸைக் கழட்டணும். லென்ஸுக்குள்ள இருக்கிற அப்பெர்ச்சர் பிளேடுங்க அந்த அளவுலயே நின்னுடும். சில பாடில இதுக்குன்னு தனி பட்டன் இருக்கும், சிலதுல மெனுவுக்குள்ள போய் செட் பட்டனுக்கு அந்த வேலையைக் குடுக்கணும். நிக்கான்காரங்களுக்கு கதையே வேற, அவங்களோட பழைய ஜி வகை லென்ஸ்ல பின்னாடி ஒரு சின்ன நெம்புகோல் துருத்திக்கிட்டு இருக்கும், கழட்டினதும் அப்பெர்ச்சர் முழுசா மூடிக்கும், அந்த நெம்புகோலுக்குப் பக்கத்துல ஒரு துண்டு அட்டையைச் செருகி வேணுங்கிற அளவுக்குத் தொறந்து வெச்சுக்கலாம். இன்னும் பழைய, அப்பெர்ச்சர் வளையம் இருக்கிற லென்ஸ் யாராவது வெச்சிருந்தா அவங்க குடுத்து வெச்சவங்க. மிரர்லெஸ் பாடின்னா மெனுவுல லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் அடிக்கட்டும்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதை ஆன் பண்ணாட்டி கேமரா அசையவே அசையாது. எதுவா இருந்தாலும் எம் மோடுதான், அதாவது எல்லாத்தையும் நாமே கையால வெக்கிற மேனுவல்.

போக்கஸ் வளையத்தையும் மறந்துடுங்க. லென்ஸைத் திருப்பினா பூச்சிக்கும் லென்ஸோட மவுண்ட்டுக்கும் நடுவுல நாலரை சென்டிமீட்டர் சொச்சம்தான் இருக்கும். இது சும்மா வந்த கணக்கு இல்ல, கேனன்ல மவுண்ட்லேந்து சென்சாருக்கு 44 மிமீ, லென்ஸ் படத்தை அந்த தூரத்துல விழ வைக்கிறதுக்குத்தான் செஞ்சிருக்காங்க, இப்ப சென்சார் இருந்த பக்கம் பூச்சி வந்து உக்காந்திருக்கு, அவ்வளவுதான். அதனால போக்கஸ்ங்கிறது நாம முன்னாடி பின்னாடி ஆடுறதுதான்.

நான் பண்றது இப்படி. எங்க வீட்டு கறிவேப்பிலை செடியில ஒரு குட்டிச் சிலந்தி இருக்கும், வலை கட்டாது, தத்தித் தத்திப் போய் ஈயைப் பிடிக்குமே அந்த வகை. அது உக்காந்திருக்கிற காம்பை இடது கை ரெண்டு விரல்ல மெதுவா பிடிச்சுக்குவேன், அதே கையோட கட்டைவிரல் மேட்டுல லென்ஸைச் சாய்ச்சு வெச்சுக்குவேன், இப்ப கை ஆடினா செடியும் கேமராவும் சேர்ந்தே ஆடும், அதனால ஆட்டம் படத்துல தெரியாது. அப்புறம் மூச்சை விட்டுக்கிட்டே மில்லிமீட்டர் மில்லிமீட்டரா முன்னாடி சாய்ஞ்சா, மொதல்ல மீசையாட்டம் இருக்கிற முடி தெளிவாகும், அப்புறம் முன்னாடி இருக்கிற ரெண்டு பெரிய கண்ணு, அந்தக் கண்ணு பளிச்னு வர்ற நொடியில அடிக்கணும். அதுக்கு மொத்தம் எட்டு கண்ணு, நாலு முன்பக்கம் வரிசையா இருக்கும், நடுவுல ரெண்டு கார் ஹெட்லைட் மாதிரி. லென்ஸை நகத்தினா ஓடாம தலையைத் திருப்பித் திருப்பி நம்மளையே பாக்கும், வேற எந்தப் பூச்சியும் இவ்வளவு ஒத்துழைக்காது. எறும்பெல்லாம் வேலைக்கே ஆகாது, ஒரு இடத்துல நிக்காது, நல்லா பழகின அப்புறம் எறும்புக்குப் போங்க.

இப்ப வெளிச்சம். என்னைக் கேட்டா மேக்ரோவுல லென்ஸ் பாதி கூட இல்ல, வெளிச்சம்தான் எல்லாம். பூச்சி பெருசாகப் பெருசாக சென்சாருக்கு வர்ற வெளிச்சம் குறைஞ்சுக்கிட்டே போகும், லென்ஸ்ல f/8 வெச்சிருந்தாலும் மூணு மடங்கு பெருசாக்கும்போது கிட்டத்தட்ட f/32 மாதிரி நடந்துக்கும், வியூபைண்டர்ல பாத்தா சாயங்காலம் ஆறரை மணி மாதிரி இருக்கும். வெயில்ல எடுத்தாலும் பத்தாது, அதோட நேர் வெயில் பூச்சி முதுகுல பட்டு வெள்ளை வெள்ளையா அடிக்கும், பாக்க நல்லாவே இருக்காது. அதனால பிளாஷ். ஷட்டர் 1/200 செகண்ட், ஐஎஸ்ஓ (சென்சாரோட வெளிச்ச உணர்வு) 200, பிளாஷ் கொஞ்சமா அடிக்கிற மாதிரி குறைச்சு வெச்சா அது எரியிற நேரமே செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்குக்கும் கீழ, கை நடுக்கம், காத்துல இலை ஆடுறது எல்லாம் அதுல காணாம போயிடும்.

ஆனா பாடியோட வர்ற பாப்-அப் பிளாஷ் லென்ஸுக்கு மேல இருந்து அடிக்கும், பூச்சி லென்ஸ் வாய்க்குக் கீழ இருக்கும், நடுவுல லென்ஸோட நிழல் விழுந்து படம் பாதி இருட்டு. அதுக்கு உருளையா வர்ற சிப்ஸ் டப்பா இருக்குல்ல, உள்பக்கம் வெள்ளிக் காகிதம் ஒட்டினது, அதை ஒருபக்கம் பிளாஷ் நுழையிற மாதிரி வெட்டி, மறுமுனையை லென்ஸ் நுனிக்கு மேல சாய்ச்சு, அந்த வாயில ரெண்டு மடிப்பு டிரேசிங் பேப்பரை ஒட்டினா முடிஞ்சது. நெட்டுல தேடினா இது பழைய வித்தைன்னு தெரியும், நான் கண்டுபிடிச்சது இல்ல. நான் சேத்துக்கிட்டது என்னன்னா டிரேசிங் பேப்பரைத் தட்டையா ஒட்டாம வளைச்சு, பூச்சிக்கு மேல கூரை மாதிரி வர்ற அளவுக்கு நீட்டிக்கிட்டேன், வெளிச்சம் எவ்வளவு அகலமா வருதோ அவ்வளவு மெத்துனு இருக்கும். நீங்க வெளிச்சத்தை எப்படி அடிச்சீங்கன்னு சிலந்தியோட கண்ணுல பாத்தாலே தெரிஞ்சிடும், டிரேசிங் பேப்பர் அப்படியே வெள்ளை ஜன்னல் மாதிரி அதுல தெரியும். அந்த ஜன்னல் குட்டியூண்டு புள்ளியா இருந்தா படம் கரடு முரடா வந்திருக்கும்னு ஜூம் பண்ணாமலே சொல்லிடலாம். இந்தப் பழக்கம் வந்ததுக்கு அப்புறம் மனுசங்களைப் படம் எடுக்கும்போதும் கண்ணுக்குள்ளதான் மொதல்ல பாக்குறேன்.

அடுத்தது லென்ஸே இல்லாம எடுக்கிறது. பாடி கேப், அதாவது லென்ஸ் இல்லாதப்ப கேமரா வாயை மூடுற மூடி ஒண்ணு எக்ஸ்ட்ரா வாங்கி (கேமராவோட வந்ததை நாசம் பண்ணாதீங்க) நடுவுல பெருசா ஒரு ஓட்டை போட்டு, அதுக்குப் பின்னாடி கூல்டிரிங்க்ஸ் கேன்லேந்து வெட்டின தகட்டுல ஊசி முனையால 0.3 மிமீ அளவுக்கு ஓட்டை போட்டு ஒட்டணும். ஓட்டைக்கும் சென்சாருக்கும் 44 மிமீ சொச்சம், வகுத்தா f/150 பக்கம் வரும். உச்சி வெயில்ல ஐஎஸ்ஓ 100ல ஒரு செகண்ட் எக்ஸ்போஷர் வேணும். போக்கஸ்னு ஒண்ணே கிடையாது, மூக்குக்கு முன்னாடி இருக்கிறதும் மருதமலையும் ஒரே அளவு தெளிவு, அதாவது ஒரே அளவு மங்கல். ஓட்டையை இன்னும் சின்னதாக்கினா தெளிவாகும்னு தோணும், ஆகாது, ஒரு அளவுக்குக் கீழ போனா ஒளி ஓட்டை விளிம்புல வளைஞ்சு பரவி இன்னும் மங்கலாத்தான் வரும். சென்சார்ல எவ்வளவு தூசி இருக்குன்னும் தெரிஞ்சுக்கலாம், கருப்பு கருப்பா புள்ளி வரும், பாத்து பயந்துடாதீங்க.

இந்த ஊசி ஓட்டை சமாச்சாரம் நம்ம ஓட்டு வீடுகள்ல எப்பவும் நடக்கிறதுதான். ஓட்டுல எந்த வடிவத்துல சந்து இருந்தாலும் தரையில வட்டமாத்தான் வெயில் விழும், ஏன்னா அது ஓட்டையோட வடிவம் இல்ல, சூரியனோட படம். மூணு மீட்டர் உயரத்துலேந்து விழுந்தா சுமாரா மூணு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். 2019 டிசம்பர் 26 காலைல வளைய சூரிய கிரகணம் வந்துச்சே, கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சின்னு வரிசையா தெரிஞ்சது, அன்னிக்கு எல்லாரும் மேல பாக்க பில்டர் கண்ணாடி தேடிக்கிட்டு இருந்தப்ப நான் வேப்ப மரத்தடியில தரையைப் படம் எடுத்துக்கிட்டு இருந்தேன், இலைச் சந்து ஒவ்வொண்ணும் ஒரு ஊசி ஓட்டை, சிமெண்ட் தரை முழுக்க வளையல் வளையலா வெயில். எடுத்தது இதே 18-55ல.

பழைய ரஷ்ய லென்ஸ் பத்தியும் சொல்லிடுறேன், எப்படியும் யாராவது கேப்பீங்க. ஹீலியோஸ் 44-2, 58 மிமீ f/2, ஜெர்மனியோட கார்ல் ஜெய்ஸ் பயோட்டார் டிசைனை வெச்சு சோவியத் காலத்துல செஞ்சது, பின்னாடி சுழல் மாதிரி வர்ற பொக்கேவுக்காக (பின்னணி மங்கல்) எல்லாரும் வாங்குறாங்க. நண்பர் ஒருத்தர்கிட்ட வாங்கி கொஞ்ச நாள் வெச்சிருந்தேன். நல்ல லென்ஸ்தான், ஆனா வீடியோவுல பாக்குற சுழல் கிராப் பாடில பாதிதான் வரும், ஏன்னா சுழல் இருக்கிறதே படத்தோட ஓரத்துலதான், கிராப் சென்சார் அந்த ஓரத்தைத்தான் வெட்டுது. பின்னாடி இலை நெறய இருந்து அதுக்குள்ள வெயில் பொட்டுப் பொட்டா வந்தாத்தான் அதுவும், வெறும் சுவத்துக்கு முன்னாடி ஆளை நிறுத்தினா ஒண்ணுமே தெரியாது. இதோட மவுண்ட் எம்42ங்கிற பழைய மரை வகை, கேனன்ல சாதாரண எம்42 அடாப்டர் போதும். நிக்கான் டிஎஸ்எல்ஆர்ல மவுண்ட் தூரம் 46.5 மிமீ, எம்42க்கு 45.46தான், அந்த ஒரு மில்லிமீட்டரால தூரத்துல இருக்கிறது எதுவும் போக்கஸ் ஆகாது, கண்ணாடி வெச்ச அடாப்டர் போட்டா ஆகும் ஆனா தரம் குறையும். என் அபிப்பிராயம், சுழலுக்காக மட்டும் காசு போடாதீங்க.

வாசலிலேயே பண்றதுக்கு பேனிங் இருக்கு, ஓடுற வண்டி தெளிவாவும் பின்னணி கோடு கோடாவும் வர்றது. ஷட்டர் 1/30, டவுன் பஸ்ஸோ லோடு ஏத்தின டிவிஎஸ் எக்ஸ்எல்லோ வரும்போது இடுப்பிலேந்து திரும்பி கூடவே போய் அடிக்கணும், அடிச்ச அப்புறமும் கையை நிறுத்தக் கூடாது. மத்தியான வெயில்ல பண்ணாதீங்க, f/22 போனாலும் வெளுத்துடும், சாயங்காலம் பண்ணுங்க. பில்டர்ல வாசலின் தடவுறது, லென்ஸ் முன்னாடி நைலான் சாக்ஸ் கட்டுறது இதெல்லாமும் பாத்தாச்சு, எனக்கு ஒத்து வரல, இப்ப போன்லயே அந்த எஃபெக்ட் வந்துடுது.

கடைசியா, ரிங் வாங்கும்போது ஒண்ணு கவனிங்க. லென்ஸ் முன்பக்க விளிம்புல வட்டத்துக்குக் குறுக்க கோடு போட்ட குறி இருக்கும், அதுக்குப் பக்கத்துல இருக்கிற நம்பர்தான் பில்டர் சைஸ், என் கேனன் 18-55ல 58. ஆனா அதே பேர்ல வேற வெர்ஷன் வேற சைஸ்ல வருது, அதனால பாத்துட்டே ஆர்டர் போடுங்க. லென்ஸைத் திருப்பி மாட்டினா அதோட பின்பக்கக் கண்ணாடி வெளிய வந்துடும், அது முன்பக்கத்தை விட விரல் ரேகைக்கு ரொம்ப பயப்படுற இடம், பூச்சி மேல முட்டிக்கிற தூரத்துல வேற வேலை செய்றோம், தூசி ஊதுற ஒரு புளோயரையும் பின்மூடியையும் பாக்கெட்டுலயே வெச்சுக்குங்க.