வயதான பூனைக்குச் சர்க்கரை, கூடவே சிறுநீரகக் கோளாறு: வாசகர் கேள்வி பதில்

புதுச்சேரி, கடலூர் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் இம்முறை வயதான பூனைகளின் சர்க்கரை நோய் பற்றியவற்றைத் தொகுத்திருக்கிறோம். கேட்டிருக்கும் எல்லார் வீட்டிலும் பூனைக்குச் சர்க்கரை மட்டும் இல்லை. சிறுநீரகம், தைராய்டு, பல் என்று வேறு ஏதாவதும் சேர்ந்திருக்கிறது. மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் கால்நடை மருத்துவர். வீட்டில் எதைக் கவனிப்பது, அவரிடம் எதைக் கேட்பது என்பதைத்தான் இங்கே சொல்கிறோம்.

கேள்வி: எங்கள் பூனைக்கு 14 வயது, எடை 4.2 கிலோ. சர்க்கரை 380, கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 2.4. கிளார்ஜின் இன்சுலின் காலை மாலை ஒரு யூனிட் போடச் சொன்னார் டாக்டர். மருந்துக் கடையில் சிவப்பு மூடி சிரிஞ்சு கொடுத்தார்கள். அதில் 1 என்ற கோடு வரை எடுத்தால் சரிதானே? (லாஸ்பேட்டை வாசகி)

பதில்: சரியில்லை அம்மா. அந்தச் சிரிஞ்சால் ஒரு தடவைகூடப் போடாதீர்கள். சிவப்பு மூடி என்பது யூ-40 (ஒரு மி.லி.யில் 40 யூனிட்) இன்சுலினுக்கான சிரிஞ்சு. அதில் ஒரு யூனிட் என்பது 0.025 மி.லி. கிளார்ஜின் (லான்டஸ், பேசலாக் போன்றவை) யூ-100 வகை, அதாவது ஒரு மி.லி.யில் 100 யூனிட். அந்த 0.025 மி.லி.யில் இரண்டரை யூனிட் இருக்கும். நாலு கிலோ பூனைக்கு முதல் நாளே இரண்டரை மடங்கு மருந்து போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் மனிதர்களுக்கான இன்சுலின் குப்பிகள் பல யூ-40 ஆக இருப்பதால் கடைக்காரர் பழக்கத்தில் அதையே எடுத்துக் கொடுத்துவிடுகிறார். ஆரஞ்சு மூடி யூ-100 சிரிஞ்சு கேளுங்கள். அதிலும் 0.3 மி.லி. அளவுள்ள, அரை யூனிட் கோடு போட்ட சிரிஞ்சு கிடைத்தால் நல்லது. மூடியின் நிறத்தோடு நிற்காமல் சிரிஞ்சின் உடம்பில் யூ-100 என்று அச்சாகியிருக்கிறதா என்று ஒவ்வொரு பாக்கெட்டிலும் பாருங்கள்.

10 மி.லி. குப்பி வாங்காதீர்கள். 3 மி.லி. கார்ட்ரிட்ஜிலேயே 300 யூனிட் இருக்கிறது. உங்களுக்கு ஒரு நாளைக்கு 2 யூனிட்தான் செலவு. திறந்தபின் 28 நாள் என்பது தயாரிப்பாளர் சொல்லும் கெடு. அதற்குமேல் வைத்துக்கொள்வதாக இருந்தால் டாக்டரைக் கேட்டுத்தான். மருந்து தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்க வேண்டும். கலங்கினாலோ துகள் தெரிந்தாலோ தூக்கிப் போடுங்கள். சிறிய அளவை எடுக்கச் சிரமமாக இருக்கிறதே என்று சலைன் கலக்கவே கூடாது. கிளார்ஜின் அமிலத்தன்மை உள்ள திரவம். தோலுக்கடியில் போனதும் படிந்து, மெல்ல மெல்லக் கரைவதால்தான் அது நீண்ட நேரம் வேலை செய்கிறது. சலைன் கலந்தால் அந்தக் குணமே போய்விடும்.

முதலில் சாப்பாடு, பிறகு ஊசி. பூனை தட்டில் வாய் வைத்துச் சாப்பிடும்போதே போட்டுவிடலாம். பிடரியை விட விலாப்பக்கம், வயிற்றின் ஓரம் நல்ல இடம். பிடரியில் தோல் தடிப்பு, ரத்த ஓட்டமும் குறைவு. தோலைக் கூடாரம் போலத் தூக்கி, அதன் அடிவாரத்தில் குத்துங்கள். ஊசியை எடுத்ததும் ரோமத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் மருந்து வெளியே போயிருக்கலாம். அப்போதும் இன்னொன்று போடாதீர்கள். ஒரு வேளை தவறினாலும் அப்படியே. அடுத்த வேளைக்கு வழக்கமான அளவு மட்டும். பூனை சாப்பிடவே இல்லை என்றால் டாக்டரைக் கேட்காமல் முழு அளவு போடக் கூடாது.

உங்கள் பூனை விஷயத்தில் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கிரியேட்டினின் 2.4 என்பது சிறுநீரக நோயில் இரண்டாம் நிலை. இன்சுலினை உடலிலிருந்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அது தளரத் தளர, போட்ட இன்சுலின் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். இன்று பொருத்தமாக இருக்கும் ஒரு யூனிட், சில மாதம் கழித்து அதே பூனைக்கு அதிகமாகிவிடலாம். ஆரம்பத்திலேயே கிளார்ஜினும் மாவுச்சத்து குறைந்த உணவும் தொடங்கிய பூனைகளில் சில, சில மாதங்களில் இன்சுலினே தேவைப்படாத நிலைக்கும் வந்துவிடும். இரண்டு காரணத்தாலும் ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் சர்க்கரையைப் பாருங்கள். 200-க்குக் கீழே இருந்தால் ஊசியை நிறுத்திவைத்து டாக்டருக்குப் போன் செய்யுங்கள். ஒரு வேளை ஊசி போடாததால் பூனைக்குப் பெரிய கெடுதல் வராது. தேவையில்லாத ஊசி ஒன்றே உயிரைப் பறிக்கும்.

கேள்வி: கிளினிக்கில் 410 காட்டுகிறது, வீட்டில் என் அம்மாவின் குளுக்கோமீட்டரில் 240. எதை நம்புவது? (மஞ்சக்குப்பம் வாசகர்)

பதில்: வீட்டில் எடுத்ததை வைத்துத்தான் வைத்தியம் நடக்க வேண்டும். கூடையில் அடைத்து, ஆட்டோ இரைச்சலில் வந்து, நாய் குரைக்கும் இடத்தில் உட்கார்ந்த பூனைக்குப் பயத்தினாலேயே சர்க்கரை 300-க்கு மேல் போகும். சர்க்கரை நோய் இல்லாத பூனைக்கும் இது நடக்கும். மறுபக்கம், மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் உண்மையைவிடக் குறைத்தே காட்டும். பூனை ரத்தத்தில் சர்க்கரை சிவப்பணுவுக்குள் குறைவாகவும் பிளாஸ்மாவில் அதிகமாகவும் இருப்பதே காரணம். இது பெரிய குறை அல்ல. எப்போதும் ஒரே மீட்டரில் எடுத்து, எந்த மீட்டர் என்பதை டாக்டரிடம் சொன்னால் போதும்.

ரத்தம் எடுக்கக் காது விளிம்பு. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காதில் அரை நிமிடம் வைத்துத் துடைத்துவிடுங்கள். ஈரம் இருந்தால் துளி பரவிவிடும். காதின் உட்பக்கம் பஞ்சை அண்டை கொடுத்து, விளிம்பில் ஓடும் ரத்தக் குழாய்க்கு வெளியே குத்துங்கள். முதல் சில நாள் துளி வருவது கஷ்டம். பழகப் பழகக் காதில் ரத்த ஓட்டம் கூடி, சுலபமாகிவிடும்.

உங்கள் பூனைக்கு நாலைந்து நோய் இருக்கும்போது 100-க்குக் கொண்டுவந்தே தீருவேன் என்று துரத்தாதீர்கள். நாளின் பெரும்பகுதி 120-க்கும் 300-க்கும் நடுவில் ஓடி, மிகத் தாழ்ந்த அளவும் 80-க்குக் கீழ் போகாமல் இருந்தால் வயதான பூனைக்கு அது நல்ல கட்டுப்பாடு. சுமார் 250-ஐத் தாண்டும்போதுதான் சர்க்கரை சிறுநீரில் கசிந்து தாகத்தைக் கிளப்புகிறது. ஆனால் சிறுநீரகம் கெட்ட பூனை, சர்க்கரை சரியாக இருக்கும்போதும் நிறையத் தண்ணீர் குடிக்கும். "இன்னும் நிறையக் குடிக்கிறது" என்பதை மட்டும் வைத்து இன்சுலினை ஏற்றிக்கொண்டே போய்த்தான் பல பூனைகள் விபத்தில் சிக்குகின்றன. வாரம் ஒரு முறை எடை பாருங்கள். எடை நின்று, பசியும் சுறுசுறுப்பும் இருந்தால் தாகத்தைச் சிறுநீரகத்தின் கணக்கில் எழுதலாம். அளவை மாற்றுவதானால் அரை யூனிட் மட்டும். அடுத்த மாற்றத்துக்கு ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளி விடுங்கள்.

கேள்வி: மீன் போட்டுப் பிசைந்த சோறுதான் 13 வருஷமாகச் சாப்பிடுகிறது. கருவாடு என்றால் உயிர். ஒரு டாக்டர் சிறுநீரக உணவு என்கிறார், இன்னொருவர் புரதம் அதிகமுள்ள சர்க்கரை உணவு என்கிறார். (தேவனாம்பட்டினம் வாசகி)

பதில்: இரண்டு பேர் சொல்வதும் தனித்தனியே சரி. சர்க்கரைக்கு மாவுச்சத்து குறைய வேண்டும், புரதம் வேண்டும். சிறுநீரகத்துக்குப் பாஸ்பரஸ் குறைய வேண்டும். நோய் முற்றினால் புரதமும் மிதமாக வேண்டும். சண்டை வரும்போது எந்த நோய் முந்தி நிற்கிறது என்று பார்ப்பதே வழி. கிரியேட்டினின் 2.8 வரை இருந்தால் மாவுச்சத்தும் பாஸ்பரஸும் குறைந்த ஈர உணவு போதும். 2.9-ஐத் தாண்டி மூன்றாம் நிலைக்குப் போய்விட்டால் சிறுநீரக உணவுக்கே முதலிடம். அதனால் ஏறும் சர்க்கரையை இன்சுலினால் சமாளிக்கலாம். உலர் பெல்லட்டுக்கு வடிவம் கொடுப்பதே மாவுதான் என்பதால் இரண்டு நோய்க்கும் ஈர உணவே மேல். தண்ணீரும் கூடுதலாகப் போகும்.

சோற்றை நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் ஒரே நாளில் அல்ல. பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக. இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும் பூனைக்குத் திடீரென்று சோற்றை நிறுத்தினால் அதே அளவு ஊசி சர்க்கரையைக் கீழே தள்ளிவிடும். எனவே உணவு மாற்றத்தைத் தொடங்கும் நாளையே டாக்டரிடம் சொல்லி, அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள். மீன் தலையும் முள்ளும், முள்ளோடு தின்னும் நெத்திலியும் பாஸ்பரஸ் மூட்டை. வேகவைத்து முள் நீக்கிய சதை கொஞ்சம், தோல் இல்லாத கோழி, வெந்த முட்டை வெள்ளைக்கரு கொடுக்கலாம். வெள்ளைக்கருவில் நல்ல புரதம் உண்டு, பாஸ்பரஸ் மிகக் குறைவு. ஆனால் இவற்றையே முழுச் சாப்பாடாக்கினால் கால்சியமும், பூனைக்கு இன்றியமையாத டாரின் என்ற சத்தும் போதாது. கருவாட்டின் உப்பு இந்தப் பூனைக்கு வேண்டவே வேண்டாம். குழம்பு மீனைக் கழுவிக் கொடுப்பதும் கூடாது: வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும்.

புது உணவைத் தொடவே மறுத்தால் பிடிவாதம் பிடிக்காதீர்கள். ஒன்றிரண்டு நாள் பட்டினி கிடந்தாலே பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படிய ஆரம்பிக்கும். அதைவிடப் பழைய சோறு எவ்வளவோ தேவலை.

தோலடியில் குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ரிங்கர் லாக்டேட் என்றால் சரி. டி.என்.எஸ். என்றால் அதில் டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரை இருக்கிறது; மாற்றித் தரச் சொல்லுங்கள். திரவம் தேங்கி வீங்கிய இடத்தில் இன்சுலின் போடாதீர்கள், உறிஞ்சப்படும் வேகம் மாறிவிடும். இதய நோயும் இருந்தால் திரவத்தின் அளவை டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: வேளைக்கு ஐந்து யூனிட் போட்டும் 400-க்குக் கீழே இறங்கவில்லை. வாய்ப்புண்ணுக்காக மாதம் ஒரு ஊசியும் போடுகிறோம். (நெல்லிக்குப்பம் வாசகர்)

பதில்: அந்த மாத ஊசி என்னவென்று உடனே கேளுங்கள். வாய்ப்புண்ணுக்கு அப்படிப் போடுவது பெரும்பாலும் நாள்பட நின்று வேலை செய்யும் ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு இன்சுலினை மழுங்கடிக்கும். பூனைக்குச் சர்க்கரை நோயை வரவழைப்பதும் உண்டு. வாய்ப்புண்ணுக்குப் பாதிக்கப்பட்ட பற்களைப் பிடுங்குவதே நிலையான தீர்வு. ஸ்டீராய்டை நிறுத்தினால், அதன் வேகம் வடியும் வாரங்களில் இன்சுலின் தேவை சடாரென்று விழும். அப்போதும் ஐந்து யூனிட்டே போட்டுக்கொண்டிருந்தால் ஆபத்து.

அது ஸ்டீராய்டு இல்லை என்றால் வரிசையாகப் பாருங்கள்: இன்சுலின் வெயிலில் கெட்டதா, பல்லில் சீழ், சிறுநீரில் கிருமி (ஊசியால் எடுத்த சிறுநீரில் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை), அதன்பின் டி-4 என்ற தைராய்டு ஹார்மோன். மிகை தைராய்டுக்கு மாத்திரை தொடங்கியதும் இரண்டு விஷயம் நடக்கும். இன்சுலின் தேவை குறையும். அதுவரை மறைந்திருந்த சிறுநீரகக் கோளாறு வெளியே தெரியும். எனவே இரண்டு முதல் நாலு வாரத்தில் டி-4, கிரியேட்டினின், ரத்த அழுத்தம் மூன்றையும் பாருங்கள். மிகை தைராய்டு உள்ள பூனைக்கு ஃப்ரக்டோசமின் (கடந்த சில வாரங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும்) பரிசோதனை சர்க்கரையைக் குறைத்துக் காட்டும், அதை நம்ப வேண்டாம். இவை எதுவுமே இல்லை என்றால் அக்ரோமெகாலி (பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டியால் உண்டாகும் நோய்) இருக்கிறதா என்று பார்க்கும் ஐ.ஜி.எஃப்.-1 பரிசோதனை. எக்ஸ்ரே, ஸ்கேன் என்று போக வேண்டி வந்தால் குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் மருத்துவமனையில் விசாரியுங்கள்.

கேள்வி: பின்னங்கால் குதிகாலைத் தரையில் வைத்து நடக்கிறது. கண்ணும் திடீரென்று தெரியவில்லை. இரண்டும் சர்க்கரையாலா? (அரியாங்குப்பம் வாசகி)

பதில்: கால், ஆம். நரம்பு பாதிப்பு, சர்க்கரை கட்டுக்குள் வந்தால் வாரக்கணக்கில் மெல்லத் தேறும். கண், பெரும்பாலும் இல்லை. நாய்க்கு வருவது போலச் சர்க்கரையால் கண்புரை பூனைக்கு அரிது. வயதான பூனைக்குத் திடீரென்று பார்வை போனால் ரத்த அழுத்தம் ஏறி விழித்திரை பிரிந்திருக்கலாம். இன்றே அழைத்துப் போங்கள். கழுத்தும் தொங்கினால் பொட்டாசியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இரவில் சர்க்கரை மிகவும் இறங்கித் தள்ளாடி விழுந்தால் என்ன செய்வது? (வில்லியனூர் வாசகர்)

பதில்: மீட்டரைத் தேடி நேரம் கடத்தாதீர்கள். விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே சாப்பாடு. இல்லையென்றால் தேனையோ கெட்டியாகக் குழைத்த குளுக்கோஸையோ ஒரு டீஸ்பூன் அளவு ஈறில் தடவுங்கள். வலிப்பு வரும்போது வாயில் ஊற்றாதீர்கள், விரலையும் பல்லுக்கிடையே விடாதீர்கள். கால் மணிக்கொரு தரம் சர்க்கரை பாருங்கள். 60-க்குக் கீழே இருந்தால் திரும்பத் தடவுங்கள். எழுந்து நடந்தாலும் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். உள்ளே இருக்கும் இன்சுலின் இன்னும் பல மணி நேரம் வேலை செய்யும்.

கேள்வி: சிறுநீரகமும் கணையமும் கெட்ட எங்கள் பூனைக்கு இன்சுலின் போடுகிறோம். ஊசிக்குப் பதில் மாத்திரை உண்டாமே? அப்பா சர்க்கரைக்குச் சாப்பிடும் டாபாக்ளிஃப்ளோசின் மாத்திரையில் கால் துண்டு கொடுக்கலாமா? சிறுகுறிஞ்சான் பொடி? (திருப்பாதிரிப்புலியூர் வாசகி)

பதில்: இரண்டும் வேண்டாம். அந்த வகையில் பூனைக்கென்றே பெக்ஸாக்ளிஃப்ளோசின் (2022), வெலாக்ளிஃப்ளோசின் (2023) அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கின்றன. ஆனால் அவை மற்றபடி ஆரோக்கியமான, இதுவரை இன்சுலின் போடாத பூனைகளுக்கானவை. உங்கள் பூனைபோல சிறுநீரகம், கணையம் கெட்டு, இன்சுலினிலும் இருப்பவற்றுக்குச் சர்க்கரை அளவு சாதாரணமாகவே காட்டும்போதும் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிக் கவிழ்த்துவிடும். சிறுகுறிஞ்சான், வெந்தயம், நாவல் கொட்டை எதுவும் இன்சுலின் வேலையைப் பூனைக்குச் செய்யாது. அதை நம்பி ஊசியை நிறுத்திய நாட்களில் நோய் வளர்ந்துவிடும்.

கேள்வி: புயல் வந்தால் இரண்டு மூன்று நாள் கரண்ட் இல்லை. இன்சுலின் கெட்டுவிடுமா? (முத்தியால்பேட்டை வாசகர்)

பதில்: 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது பலருக்கு வந்த கவலை இது. திறந்த கிளார்ஜின் 30 டிகிரிக்குக் கீழே வெளியில் இருக்கலாம். மழைநாள் குளிரில் ஓரிரு நாளில் கெடாது. வெயில் படாத அலமாரியில் வையுங்கள். பலரும் செய்யும் தப்பு, பதறிப்போய் ஐஸ் கட்டிக்குள் புதைப்பது. உறைந்த இன்சுலின் உருகினாலும் வேலை செய்யாது, பார்த்தால் வித்தியாசமும் தெரியாது. ஃப்ரிட்ஜிலும் ஃப்ரீசருக்கு அடியில் வேண்டாம், கதவுத் தட்டில் வையுங்கள். மே மாத மின்வெட்டுக்கு மட்டும் தெர்மாக்கோல் பெட்டியில் ஐஸ், அதன்மேல் மடித்த துண்டு, அதன்மேல் மருந்து. திறக்காத கார்ட்ரிட்ஜ் ஒன்றும், பத்து நாளைக்கான சிரிஞ்சும் ஸ்ட்ரிப்பும், பூனை விரும்பிச் சாப்பிடும் டின் உணவும் அக்டோபரிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.