பழைய கரிஸ்மாவும் நெடும்பயணமும்: வாசகர் கேள்வி - பதில்

2003ஆம் ஆண்டு வெளிவந்த ஹீரோ ஹோண்டா கரிஸ்மாவை இன்றும் கைவிடாமல் வைத்திருப்பவர்கள் தமிழகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். 223 சிசி இன்ஜின், 15 லிட்டர் டேங்க், காற்றைத் தடுக்கும் முகப்பு, முதுகை அதிகம் வளைக்காத இருக்கை என நாள் முழுவதும் நெடுஞ்சாலையில் ஓட்டுவதற்கு ஏற்ற வண்டி அது. அந்த வண்டியைப் பற்றி வந்த கேள்விகளுக்கே இந்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என்னிடம் 2008ஆம் ஆண்டு கரிஸ்மா ஆர் இருக்கிறது. ஓராண்டுக்குள் இரண்டு பேட்டரிகள் மாற்றிவிட்டேன். இரவில் நீண்ட தூரம் ஓட்டினால், மறுநாள் காலையில் செல்ஃப் எடுப்பதில்லை. மூன்றாவது பேட்டரி வாங்கும்படி மெக்கானிக் சொல்கிறார். வாங்கலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: இப்போது வாங்க வேண்டாம். ஓராண்டில் இரண்டு பேட்டரிகள் போயிருக்கின்றன என்றால், குறை பேட்டரியில் இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு; அதற்கு மின்சாரம் சரியாக வந்து சேரவில்லை, அல்லது அளவுக்கு மீறி வருகிறது. கரிஸ்மாவுக்குக் கிக்கர் கிடையாது என்பதால் இந்தக் குறையைத் தள்ளிப்போடவும் முடியாது. மற்ற வண்டிகளில் உதைத்துக் கிளப்பிக்கொண்டு ஒரு மாதம் ஓட்டிவிடலாம். இதில் ஊர் பேர் தெரியாத இடத்தில் நின்றுவிட நேரும்.

எலக்ட்ரிகல் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் உங்களுக்குப் போதும். வண்டியை இரவு முழுவதும் நிறுத்திவைத்து, காலையில் சாவியைத் திருகுவதற்கு முன் பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். முழுமையாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.2க்குக் கீழே இருந்தால் பாதியளவு இறங்கிவிட்டது என்று பொருள். அடுத்து, செல்ஃப் பொத்தானை அழுத்தும்போது மீட்டரைக் கவனியுங்கள். முழுச் சார்ஜில் இருக்கும் பேட்டரியே 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால்தான் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டும். மூன்றாவதாக, நிறுத்திய வண்டியில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது முகப்பு விளக்கைப் போட்டுவிட்டு, ரேஸை 4,000 ஆர்பிஎம் வரை கொடுத்து, அதே முனைகளில் மறுபடியும் அளக்க வேண்டும். 13.5 முதல் 14.5 வரை காட்டினால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது. 13ஐத் தாண்டவில்லை என்றால் மின்சாரத்தை உண்டாக்கும் காயில், அதைப் பேட்டரிக்கு ஏற்றபடி சீராக்கும் ரெகுலேட்டர், இடையில் உள்ள வயரிங் ஆகிய மூன்றில் ஒன்றில் குறை இருக்கிறது. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது; அது எந்தப் பேட்டரியையும் கொதிக்கவைத்துக் கொன்றுவிடும்.

இந்த மூன்றில் பெரும்பாலான பட்டறைகள் கடைசியாகப் பார்ப்பது வயரிங்கைத்தான், நான் முதலில் பார்க்கச் சொல்வதும் அதைத்தான். அதற்கு என் சொந்த அனுபவமே காரணம். சில ஆண்டுகளுக்கு முன் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, காரவள்ளி அடிவாரத்தில் தேநீர் குடிக்க நிறுத்திய என் கரிஸ்மா மறுபடி கிளம்பவில்லை. வழியில் இருந்த ஒரு பட்டறையில் புதுப் பேட்டரி போட்டுக்கொண்டு ஊர் திரும்பினேன். இரண்டே நாளில் அதுவும் இறங்கிவிட்டது. வீட்டு வாசலில் உட்கார்ந்து பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ரெகுலேட்டருக்குப் போகும் வயரைக் கையால் தடவிக்கொண்டே போனபோது, வயர்களை இணைக்கும் கப்ளர் இருக்கும் இடத்தில் விரல் நின்றது. வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு மூலை உருகி, பக்கத்துக் கப்ளரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்த பித்தளை முனை ஒன்று பச்சைக் களிம்பு பிடித்துத் தளர்ந்திருந்தது. தளர்ந்த முனையில் மின்தடை கூடும். தடை கூடினால் சூடேறும். சூடு முனையை மேலும் தளர்த்தும். விளக்கெரியும் இரவு ஓட்டத்தில் மின்தேவை அதிகம் என்பதால், உங்கள் வண்டியைப் போலவே என் வண்டியிலும் குறை இரவில்தான் வெளிப்பட்டது. புதிய கப்ளரும் தரமான முனைகளும் போட்ட பிறகு அந்தப் பேட்டரி நான்கு ஆண்டுகள் உழைத்தது.

ஆகவே உங்கள் வண்டியிலும், நிறுத்திய நிலையில் இன்ஜின் ஓடும்போது, ரெகுலேட்டரின் பாசிட்டிவ் வயருக்கும் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் இடையே மீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ மின்சாரம் வீணாகிறது. எர்த் வயரையும் இதே முறையில் பாருங்கள். சேசிஸில் அது பொருந்தும் இடத்தில் துருவைச் சுரண்டிவிட்டுப் போல்ட்டை இறுக்கினாலே சில வண்டிகள் சரியாகிவிடுகின்றன. வயரிங்கில் ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகுதான் காயிலுக்குப் போக வேண்டும். ரேஸ் கூடக் கூட அதிலிருந்து வரும் ஏசி (மாறுதிசை) மின்னழுத்தமும் சீராக ஏறுகிறதா என்று பார்த்து, ஏறினால் ரெகுலேட்டரையும், ஏறாவிட்டால் காயிலையும் மாற்றுங்கள்.

கேள்வி: என் கரிஸ்மா ஐடிலிங்கில் அமைதியாக நிற்கிறது, ஆனால் ஆக்சிலரேட்டரை முறுக்கினால் 60 கிலோமீட்டருக்கு மேல் இழுக்க மறுக்கிறது. கார்புரேட்டரை மூன்று முறை கழுவியாயிற்று. எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: பாதி உண்மை. ஐடிலிங் நன்றாக இருப்பதால், அதற்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட் என்ற சிறு துளை அடைபடவில்லை. எனவே கழுவுவதால் உங்களுக்குப் பலன் கிடைத்திருக்காது. இந்தக் கார்புரேட்டரில், காற்றும் பெட்ரோலும் போகும் அளவைக் கூட்டும் அதன் உள் பிஸ்டனை ஆக்சிலரேட்டர் கேபிள் நேரடியாகத் தூக்குவதில்லை. இன்ஜின் இழுக்கும் காற்றின் வெற்றிடமே மேல் அறையில் உள்ள மெல்லிய ரப்பர் டயாஃப்ரம் வழியாக அதைத் தூக்குகிறது. அந்த ரப்பரில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தாலும் பிஸ்டன் பாதியிலேயே நின்றுவிடும். மேல் மூடியைக் கழற்றி, டயாஃப்ரத்தை வெளியே எடுத்து, வெயிலுக்கு நேராகப் பிடித்து, மடிப்புகளை விரலால் மெதுவாக விரித்துப் பாருங்கள். மடிப்பின் அடியில்தான் கீறல் ஒளிந்திருக்கும். இதைப் பெட்ரோலிலோ கார்புரேட்டர் கிளீனரிலோ ஊறவைக்கவே கூடாது. ஊறினால் உப்பிப்போய், திரும்ப அதன் பள்ளத்தில் உட்காராது. மூன்று முறை கழுவியவர்கள் அதையும் சேர்த்து நனைத்துவிட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை மனத்தில் கொண்டு இந்த வண்டியின் ரப்பர் பாகங்கள் செய்யப்படவில்லை. பெட்ரோல் குழாய், ஓ-ரிங் ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து, விறைத்தோ வெடித்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். ஒரு மாதத்துக்கு மேல் வண்டியை எடுக்கப்போவதில்லை என்றால், டேங்கை நிரப்பி, பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி மிச்சத்தை வடித்துவிடுங்கள். கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பரில் வெடிப்பு உண்டா என்று அறிய, நிறுத்திய வண்டியில் இன்ஜின் ஓடும்போது அதன்மீது கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். இன்ஜின் சத்தம் மாறினால் அங்கே காற்று கசிகிறது. சிலர் இதற்குக் கிளீனரைப் பீய்ச்சுகிறார்கள். சூடான இன்ஜின்மீது எரியும் திரவத்தைத் தெளிப்பதை நான் ஒருநாளும் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: 50 முதல் 60 கிலோமீட்டர் வேகத்தில் கையைத் தளர்த்தினால் ஹேண்டில் பார் ஆடுகிறது. டயர் மாற்ற வேண்டுமா? (வாசகர், தருமபுரி)

பதில்: முதலில், ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங்குகளான கோன் செட்டைப் பாருங்கள். இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து, முன் சக்கரம் தரையைவிட்டு எழும்படி நிறுத்தி, ஹேண்டிலை இடமிருந்து வலமாக மெல்லத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் தட்டினால் பேரிங் ஓடுபாதையில் குழி விழுந்திருக்கிறது. இறுக்கினாலும் சரியாகாது, மாற்றியே ஆக வேண்டும். தட்டாமல், ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியை முன்னும் பின்னும் ஆட்டும்போது மட்டும் லூசாக இருந்தால் இறுக்கிக்கொள்ளலாம். மாற்றும்போது, பால் பேரிங்குக்குப் பதில் சரியான அளவில் டேப்பர் ரோலர் பேரிங் கிடைத்தால் அதையே போடுங்கள். நம் வேகத்தடைகளை அது நன்றாகத் தாங்குகிறது.

டயரின் வயதையும் கூடவே பாருங்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும், அந்த வயதுடைய ரப்பரை நம்பி மழையில் தொப்பூர் கணவாய் இறங்கக் கூடாது.

கேள்வி: 2023இல் வந்த கரிஸ்மா எக்ஸ்எம்ஆரின் பாகங்கள் பழைய வண்டிக்குப் பொருந்துமா? (வாசகர், மதுரை)

பதில்: பொருந்தாது. அது 210 சிசி, தண்ணீரால் குளிரும் முற்றிலும் வேறான இன்ஜின். பழைய பாகங்களைத் தேடுபவர்கள், கழற்றிய எதையும் புதியது பொருந்தி ஓடும்வரை பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

கேள்வி: 2010இல் பதிவான என் கரிஸ்மா இசட்எம்ஆரின் ஆர்சி (பதிவுச் சான்று) 15 ஆண்டுகளை எட்டிவிட்டது. புதுப்பிக்க முடியுமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: முடியும். வண்டியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் காட்டி, ஆய்வில் தேறினால், ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்துத் தருவார்கள். படிவம் 25இல் விண்ணப்பிக்க வேண்டும். காலாவதி நாளுக்கு 60 நாள் முன்பிருந்தே கொடுக்கலாம். காப்பீடும் புகைச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. உங்கள் தேதி கடந்துவிட்டிருந்தால், புதுப்பிக்கும்வரை வண்டியைச் சாலையில் ஓட்டாதீர்கள். ஆய்வுக்குப் போகுமுன் இண்டிகேட்டர், பிரேக் விளக்கு, ஹாரன், இருபக்கக் கண்ணாடிகள், பின்புற ரிஃப்ளெக்டர் ஆகியவற்றைச் சரிபார்த்து, சைலன்சரை மாற்றியிருந்தால் பழையதையே திரும்பப் பொருத்திவிடுங்கள். சேசிஸ் எண்ணின்மேல் படிந்திருக்கும் எண்ணெய் அழுக்கையும் துணியால் துடைத்து வையுங்கள், அங்கே எண்ணைப் பார்த்து உறுதி செய்வார்கள்.