அளக்கிறவர் யாருடைய ஆள்?

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம். ஒன்றரை ஏக்கர் குத்தகை நிலத்தில் நெல் விவசாயம். கல்லூரியில் பாக்ஸிங் கற்றுப் பதக்கம் வாங்கிய என் மகனுக்கு வயது 21. சென்னையிலிருந்து ஒரு புரமோட்டர் வந்து, தொழில்முறை பாக்ஸிங்கில் இறக்குகிறேன், 5 வருட ஒப்பந்தம், முன்பணம் 50,000 ரூபாய் என்கிறார். அவருடைய மைத்துனர்தான் மேனேஜராம், அவருக்கு 30 சதவீதமாம். 5 வருடம் முடிந்த பிறகும் இவர்களைக் கேட்காமல் வேறு இடம் போகக் கூடாதாம். மகன் கையெழுத்துப் போடத் துடிக்கிறான். அவன் அப்பா, 'போட்டால் வீட்டுப் படி ஏறாதே' என்கிறார். நான் யார் பக்கம் நிற்பது?
- ஒரு தாய், திருவாரூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, சண்டைக்குப் போவதா வேண்டாமா என்பதில் மகன் பக்கம் நில்லுங்கள். 21 வயதுப் பிள்ளை, என்ன தொழில் என்று தெரிந்தேதான் கேட்கிறான். ஆனால் இந்தக் காகிதத்தில் இப்படியே கையெழுத்துப் போடுவதா என்றால், கூடாது. இந்த இரண்டையும் உங்கள் வீட்டில் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். அதனால்தான் அப்பாவும் பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது, 'மைத்துனர்தான் மேனேஜர்' என்ற வரி. சின்ன வயதில் என் தாத்தாவோடு களத்துமேட்டில் நின்றிருக்கிறேன். மரக்காலைக் கூம்பாகக் குவித்து அளந்தால் ஒரு கணக்கு, விளிம்போடு வழித்து அளந்தால் வேறு கணக்கு. மரக்கால் யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் தாத்தா முதலில் பார்ப்பார். புரமோட்டர் என்பவர் சண்டையை ஏற்பாடு செய்து, அதற்கு வீரரை விலை பேசி இறக்குகிறவர், குறைத்துக் கொடுத்தால் அவருக்கு லாபம். மேனேஜர் உங்கள் மகனுக்காகப் பேரம் பேச வேண்டியவர். ராத்திரி ஒரே வீட்டில் சாப்பிடும் இரண்டு பேர், பகலில் உங்கள் பிள்ளைக்காக எதிரெதிராக நின்று பேசுவார்களா?

அமெரிக்காவில் இந்தக் கொடுமை முற்றிப்போய்த்தான் 2000-ல் முகமது அலி பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. 10 சுற்றும் அதற்கு மேலும் உள்ள சண்டைகளில் புரமோட்டருக்கு மேனேஜர் பக்கத்து வருமானத்தில் பங்கு இருக்கக் கூடாது, ஒரு சண்டையில் தனக்கு எவ்வளவு வருகிறது என்பதை வீரரிடம் சொல்லியாக வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அந்தச் சட்டம் நமக்குச் செல்லாது. ஆனால் அதில் உள்ளதை உங்கள் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லிக் கேட்க யாரும் தடை இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சண்டைக்கு 40,000 ரூபாய் பேசினார்கள் என்று வையுங்கள். மேனேஜருக்கு 12,000. கோச்சுக்குப் பத்து சதவீதம் என்றால் 4,000. முன்பணத்தில் 10,000 கழித்துக்கொண்டால் மிச்சம் 14,000. ரயில் செலவு, சாப்பாடு, ஸ்கேன் எல்லாம் அதிலா, அவர்கள் கணக்கிலா? காகிதத்தில் தேடுங்கள். அடிபட்டுப் படுத்தால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்பதையும் பாருங்கள்.

பணத்தை விட எனக்குப் பெரிதாகப் படுவது, வேண்டாம் என்று சொல்லும் உரிமை. புதிதாக வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் 4 சுற்றுச் சண்டைதான். ஆனால் யாரோடு, எந்த எடையில், எத்தனை நாள் அவகாசத்தில்? புரமோட்டர் தான் வளர்த்துவிடும் ஆளின் வெற்றிக் கணக்கை ஏற்ற, புதுப் பையன்களைப் பலியாடாக ஏற்றிவிடுவது இந்தத் தொழிலில் பழைய பழக்கம். எடை பார்ப்பது சண்டைக்கு முந்தின நாள். பத்து நாளில் நாலு கிலோ இறக்கு என்றால், பிள்ளை தண்ணீர்கூடக் குடிக்காமல் உடம்பை வற்றவைத்துக்கொண்டு தராசில் நிற்பான். அந்த உடம்போடு அடி வாங்குவது உயிரோடு விளையாடுவது. 1982-ல் லாஸ் வேகாஸில் 14-ஆம் சுற்றில் விழுந்த கொரிய வீரர் டுக் கூ கிம் சில நாட்களில் இறந்துபோனார். அதன் பிறகுதான் பட்டத்துக்கான சண்டைகள் 15 சுற்றிலிருந்து 12 ஆகக் குறையத் தொடங்கின. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. 'இந்தச் சண்டை வேண்டாம்' என்று உங்கள் மகன் சொன்னால் அது ஒப்பந்த மீறல் ஆகாது என்று ஒரு வரி காகிதத்தில் இருந்தே ஆக வேண்டும்.

5 வருடத்துக்குப் பிறகும் கட்டிப்போடும் நிபந்தனைக்காக ரொம்பப் பயப்படாதீர்கள். கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானை ஒரு நிறுவனம் இதேபோல் பிடித்துவைக்கப் பார்த்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு அந்தப் பிடி செல்லாது என்ற நிலையைத்தான் 2006-ல் உச்ச நீதிமன்றம் எடுத்தது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அதற்கு ஆதாரம். ஆனால் அந்த 5 வருடத்துக்குள் உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு அவ்வளவாகக் கிடைக்காது. அதனால் முதலில் ஒரு வருடம் என்று கேளுங்கள். வருடத்துக்கு இத்தனை சண்டையாவது தருவேன் என்று அவரும் எழுதட்டும். சண்டையும் தராமல், வேறிடம் போகவும் விடாமல் பையனைச் சும்மா உட்காரவைத்தால் வயதுதான் போகும்.

உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: வருடா வருடம் குத்தகை பேசிப் பழகியவர் அவர், இந்தக் காகிதத்தில் எங்கே இடிக்கிறது என்பது மகனை விட அவருக்குத்தான் சீக்கிரம் பிடிபடும். 'படி ஏறாதே' என்பதை விட்டுவிட்டு, மகனோடு மன்னார்குடியில் ஒரு வக்கீலிடம் போகட்டும். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லி, மூன்று பேரும் உட்கார்ந்து கேளுங்கள். அதுவரை அந்த 50,000 ரூபாயைக் கையால் தொட வேண்டாம்.