மார்பு எக்ஸ்ரே: நிற்க வைப்பதும் வெளிச்சத்தைச் சுருக்குவதும் – கேள்வி பதில்

கேள்வி: சார், பிஏ (கதிர் முதுகில் நுழைந்து மார்பு வழியாக வெளியேறும் படம்) எடுக்கும்போது தோள்பட்டை எலும்பு நுரையீரல் மேலேயே விழுகிறது. தோளைத் தளர்த்தச் சொல்லியும் பயனில்லை.

பதில்: தளர்த்தினால் மட்டும் போதாது, தோளை முன்னால் உருட்ட வேண்டும். புறங்கையை இடுப்பில் வைத்து முழங்கையை டிடெக்டர் (படத்தைப் பதியும் பலகை) பக்கம் தள்ளச் சொல்லுங்கள். கை மடங்காத முதியவர் என்றால் ஸ்டாண்டைக் கட்டிப்பிடிக்கச் சொன்னால் போதும். தோள் காதுப் பக்கம் ஏறக் கூடாது. ஏறினால் காறை எலும்பும் மேலே போய்விடும்.

கேள்வி: நுரையீரலின் கீழ் மூலை வெட்டுப்பட்டு அடிக்கடி ரிபீட் (மறுபடி எடுப்பது) ஆகிறது. அந்தப் பயத்தில் கொலிமேட்டரை (கதிர் விழும் பரப்பைச் சுருக்கும் கருவி) முழுசாகத் திறந்து வைக்கிறேன். தவறா?

பதில்: தவறுதான். மூலை வெட்டுப்படுவதற்குப் பெரும்பாலும் காரணம் சென்டரிங் (கதிரின் மையத்தை வைக்கும் இடம்) மேலே போய்விடுவது. தோளை உருட்டியதும் தோள்பட்டை எலும்பின் கீழ்முனை நகர்ந்துவிடும். அதை நம்பி சென்டர் செய்தால் ஏமாறுவீர்கள். கழுத்தடியில் துருத்தும் ஏழாவது எலும்பைத் தொட்டுப் பாருங்கள். அங்கிருந்து பெண்களுக்குச் சுமார் 18 செ.மீ., ஆண்களுக்கு 20 செ.மீ. கீழே மையம்.

அடுத்து, முதுகில் தெரியும் வெளிச்சம் டிடெக்டருக்குப் போகும்போது விரியும். ட்யூபிலிருந்து (கதிர் வரும் குழாய்) டிடெக்டர் வரை தூரம் 180 செ.மீ., முதுகு டிடெக்டரிலிருந்து 25 செ.மீ. தள்ளி இருந்தால், முதுகில் 30 செ.மீ. அகலம் டிடெக்டரில் ஏறக்குறைய 35 ஆகும். ஆகவே வெளிச்சத்தின் மேல் ஓரத்தை அந்த ஏழாவது கழுத்தெலும்பிலேயே நிறுத்தலாம், நுரையீரல் உச்சி தப்பாது. பக்கவாட்டில் மார்புத் தோலின் ஓரம் போதும். கையின் மேற்பகுதி படத்தில் எதற்கு? எடுத்த பிறகு திரையில் ஓரத்தை வெட்டுவது கொலிமேஷன் ஆகாது. நோயாளி வாங்கிய டோஸ் வாங்கியதுதான், சிதறல் கதிர் படத்தைக் கெடுத்ததும் கெடுத்ததுதான்.

கேள்வி: படம் திரும்பியிருக்கிறது என்றால் ரிபீட்டில் எந்தப் பக்கத்தைத் திருத்துவது?

பதில்: இரண்டு காறை எலும்புகளின் உள்முனைகளும் முதுகெலும்பு முள்ளிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். பிஏ படத்தில் எந்தப் பக்க முனை விலகியிருக்கிறதோ, அந்தத் தோள்தான் டிடெக்டரை விட்டுப் பின்வாங்கியது. அதை முன்னே தள்ளுங்கள். பாதங்களையும் பாருங்கள், ஒரு காலில் சாய்ந்து நின்றால் இடுப்பே திரும்பும்.

கேள்வி: ஐசியூ போர்ட்டபிளில் (படுக்கையருகே எடுக்கும் படம்) இதயம் பெரிதாகத் தெரிகிறதே?

பதில்: ஏபி (கதிர் மார்பில் நுழைந்து முதுகு வழியாக வெளியேறுவது) என்பதால் இதயம் டிடெக்டரிலிருந்து தள்ளி இருக்கிறது, ட்யூப் கிட்டே இருக்கிறது. 100 செ.மீ. தூரத்தில் இதயம் 15 செ.மீ. தள்ளி இருந்தால் உருப்பெருக்கம் சுமார் 18 சதவீதம். 180-ல் 10 செ.மீ. தள்ளி இருந்தால் 6 சதவீதம்தான். முடிந்தவரை தூரத்தைக் கூட்டி, எவ்வளவு என்பதைப் படத்திலேயே குறியுங்கள். காறை எலும்பு நுரையீரல் உச்சிக்கு மேலே போய்விட்டால் அது லார்டாட்டிக் (உடல் பின்னால் சாய்ந்தது போன்ற படம்). ட்யூபைக் கால் பக்கமாக 5 டிகிரி அளவில் சாயுங்கள். கிரிட் (சிதறல் கதிரைத் தடுக்கும் கோடுள்ள தட்டு) இருந்தால் அதன் கோடுகளுக்குக் குறுக்கே சாய்க்காதீர்கள், கட்-ஆஃப் விழும், அதாவது வேண்டிய கதிரையும் கிரிட் தடுத்துவிடும்.

கேள்வி: மூச்சு போதுமா என்று எப்படி அறிவது?

பதில்: உதரவிதானத்துக்கு மேல் பின் விலா எலும்புகள் 10 தெரிய வேண்டும். முதல் மூச்சில் எக்ஸ்போஸ் செய்யாதீர்கள், இரண்டாவதுதான் ஆழமாக வரும்.